வலப்பக்கம் சாய்ந்த மாடல்

விமானப் பொறியியலில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். அதில் பாதி, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று மயிலாப்பூர்க்காரர்களுக்கு விளக்குவதிலேயே போய்விட்டது. லஸ் முனையில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது பிடித்துக்கொள்வார்கள். "பிளேன் ஓட்டறேளாமே?" ஓட்டுவதில்லை என்பேன். "அப்போ ரிப்பேரா?" அதுவும் இல்லை என்பேன். நிஜ விமானம் செய்வதற்கு முன்னால் அதன் சின்ன உருவத்தை மரத்தில் செய்து, அதன்மேல் காற்றடித்து, அது எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் என் வேலை என்று நின்று நிதானமாகச் சொன்னால், "ஓகோ, பொம்மை" என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் பொறுக்கப் போய்விடுவார்கள். என் மாமனார் கடைசிவரை என்னை உறவுக்காரர்களிடம் "ஏரோப்ளேன் ஆபீஸ்ல இருக்கார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கட்டத்தில் திருத்துவதை விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு வேறு மாதிரி தொல்லை. விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள். "எத்தனையோ இளம் பொறியாளர்களை உருவாக்கிய பெருந்தகை" என்று மைக்கில் ஒருவர் சொல்ல, பொன்னாடை தோளிலிருந்து நழுவ, நான் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கும்பிட வேண்டியிருக்கிறது. உருவாக்கினேனாம். யாரை, எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் இந்தக் கதையைச் சொல்லித் தொலைத்திருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தரமணிப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் நான் பிரிவுத் தலைவன். அப்போது அந்தப் பக்கம் முள்ளுச்செடியும் ஆடுகளும்தான். அடையாறு தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறி, இறங்கி, அரை மைல் மண் ரோட்டில் நடந்தால் எங்கள் காற்றுச் சுரங்கம் இருக்கும் கொட்டகை வரும். சுரங்கம் என்றதும் பூமிக்கடியில் தேட வேண்டாம். அது தரைக்கு மேலே கிடக்கிற ஒரு மாபெரும் மரக்குழாய். ஒரு முனையில் ஆள் உயரத்துக்கு விசிறி. நடுவில் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு சின்ன அறை. அந்த அறையில் மாடலை ஒரு கம்பத்தின்மேல் பொருத்தியிருப்போம். காற்று அடிக்கும்போது மாடல் எவ்வளவு மேலே எழும்பப் பார்க்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அடியில் இருக்கும் ஒரு தராசு காட்டும். ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்து பதிவேட்டில் எழுத வேண்டும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. செய்வதற்குள் பிராணன் போய்விடும். மின்வெட்டுக் காலம். எங்கள் விசிறி சுழன்றால் பக்கத்துக் கட்டடங்களில் விளக்கு மங்கும் என்பதால் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான் ஓட்ட அனுமதி. அந்த இரண்டு மணி நேரத்தில் விசிறியின் பட்டை அறுந்தால் அன்றைய நாள் போயிற்று. மாடலைத் தொடுவதற்குப் பருத்திக் கையுறை வேண்டும் என்று நான் எழுதிய கடிதம் ஒன்பது மாதம் சுற்றிவிட்டு, "கையுறை குளிர்ப் பிரதேசங்களுக்கு மட்டுமே வழங்கப்படும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. சென்னையில் எனக்குக் குளிர்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் கறாராக இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அதனால் விதிகள் போட்டேன். மாடலை எங்கள் தச்சரைத் தவிர யாரும் தொடக் கூடாது. விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், பிசுக்கில் தூசி ஒட்டும். காற்று இறக்கையை ஒட்டி வழுவழுவென்று ஓட வேண்டும். இறக்கையின் முன்விளிம்பில் ஒரு மணல் பருக்கை இருந்தாலும் போதும், காற்று அங்கே கலைந்து பிய்ந்துகொண்டு போய்விடும். இது முதல் விதி. ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் பதிவேடு என் மேசைக்கு வர வேண்டும், கடைசி வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். இது இரண்டாவது. மூன்றாவது விதி எழுதப்படாதது. அதாவது, நான் கத்தும்போது எதிர்த்துப் பேசக் கூடாது.

அந்தத் தச்சர் மயிலாப்பூர்க்காரர்தான். பல தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் முஸ்லிம் குடும்பம். நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு அடி நீள இறக்கையை வரைபடத்தில் இருக்கிற வளைவுக்கு மயிரிழை பிசகாமல் இழைத்துவிடுவார். பிறகு அதற்கு மேல் ஆறு பூச்சு வார்னிஷ் அடித்து, பொன்மஞ்சளாக மின்னவிட்டுத்தான் தருவார். அந்த மனிதர் ஒருவரிடம்தான் நான் குரலை உயர்த்த மாட்டேன். உயர்த்தினாலும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார் என்பது வேறு விஷயம்.

தராசைப் பார்த்து எழுதுகிற வேலையில் இருந்தவள் ஒரு பெண். பொறியியல் படித்துவிட்டு எங்கள் பிரிவில் சேர்ந்த முதல் பெண். தி.நகரில் அவளுடைய அப்பாவுக்குப் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர்கள். அவள் சேர்ந்த அன்றுதான் எங்கள் கொட்டகையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதே எங்கள் மண்டையில் உறைத்தது. அதற்காக நான் எட்டு மாதம் கோப்பு நகர்த்தினேன். கட்டி முடிக்கும்வரை அவள் வெயிலில் அடுத்த கட்டடத்துக்கு நடந்து போய் வந்துகொண்டிருந்தாள், ஒரு நாளும் முகம் சுளிக்காமல். கழிப்பறை கட்டிக் கொடுத்தேன் என்பதால் நான் அவளுக்கு நல்லது செய்பவன் என்று எனக்கு நானே ஒரு சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு இரண்டு வருடத் தகுதிகாண் காலம். அது முடியும்போது பிரிவுத் தலைவர் இரகசிய அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து ஒரு குழு கூடி வேலையை நிரந்தரம் செய்யும், அல்லது வீட்டுக்கு அனுப்பும். அந்த வருடம் தீபாவளிக்கு முன் அவளுடைய இரண்டு வருடம் முடிந்தது.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் அவளுடைய அப்பா கொட்டகைக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அய்யா, நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவன். புள்ளைக்கு ரெண்டு வருசம் தாரேன்னு சொல்லியிருந்தேன். வேலை நிரந்தரமாச்சுன்னா அவ இஷ்டம்போல இருக்கட்டும், நான் வாய தொறக்க மாட்டேன். இல்லேன்னா முன்கூட்டியே சொல்லிருங்க. தூத்துக்குடியில ஒரு மாப்பிள்ளை இடம் காத்துக் கெடக்கு. அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்லா."

"நன்றாகத்தான் வேலை செய்கிறாள்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் தராசுக்கு முன்னால் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. அந்த வேலை அவளுக்கு என்ன என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் எந்தக் காலத்திலும் சொல்லிக்கொள்ள முடியாது.

அப்போது பாய் செய்து கொடுத்த ஒரு பயிற்சி விமானத்தின் மாடல் சுரங்கத்தில் இருந்தது. தீபாவளிக்குள் முடிவுகளை அனுப்பியாக வேண்டும். ஆயுத பூஜை வந்துவிட்டது. வழக்கமாகப் பூஜைக்கு முன் மாடலைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிடுவோம். விசிறிக்கும் மோட்டாருக்கும் பாயின் இழைப்புளிக்கும்தான் பொட்டு. அந்த வருடம் கழற்றித் திரும்பப் பொருத்தினால் இரண்டு நாள் போய்விடும் என்று நான்தான் மாடலை உள்ளேயே விடச் சொன்னேன். பாய் தங்கை கல்யாணத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் ஆற்காடு போயிருந்தார்.

சந்தனம் கடையில் வாங்கிய பொடியாக இருக்கக் கூடாது, வீட்டில் கல்லில் அரைத்ததாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். என் மனைவி அன்றைய சமையலுக்கும் சுண்டலுக்கும் நடுவில் அவசரமாக அரைத்துக் கொடுத்தாள். "ஏன்னா, கொட்டிண்டு போகாதேங்கோ. இன்னொரு தரம் அரைக்க என்னால ஆகாது" என்று வாசல்வரை வந்து சொன்னாள். வெள்ளிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

பூஜை நன்றாக நடந்தது. பொரி, கடலை, வாழைக்கன்று, எல்லாம். முதல் பொட்டை பிரிவுத் தலைவர் வைக்க வேண்டும் என்று எல்லோரும் நின்றார்கள். விசிறிக்கு வைத்தேன், மோட்டாருக்கு வைத்தேன், தராசுக்கு வைத்தேன். கண்ணாடிக் கதவைத் திறந்தால் உள்ளே மாடல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. எங்கள் சோறே அதுதானே, அதை மட்டும் விடுவதா என்று தோன்றியது. அந்த அறைக்கு ஒரு பக்கம்தான் கதவு. கையை நீட்டினால் பக்கத்தில் இருக்கும் இறக்கை மட்டும்தான் எட்டும். முன்விளிம்பில் மூன்று இடத்தில் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்தேன். எட்டி நின்று கும்பிட்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

விஜயதசமி அன்று மறுபடி ஓட்டம் ஆரம்பித்தோம். காற்று பட்டதும் குங்குமம் பறந்துவிட்டது. அதோடு அந்தப் பொட்டு என் நினைவிலிருந்தும் பறந்துவிட்டது.

தொல்லை அன்றைக்கே தொடங்கியது. மாடலின் மூக்கை மெதுவாக மேலே தூக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது வலப்பக்கம் சாயப் பார்ப்பதாகத் தராசு காட்டியது. பூஜைக்கு முந்தின வாரம் இப்படி இல்லை. இரண்டு இறக்கையும் ஒரே அச்சு. சாய்வதற்குக் காரணமே இல்லை.

"சார், வலது பக்கம் சாயுது" என்றாள்.

"தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தானே ஆரம்பித்தாய்?"

"ஆமா சார். ரெண்டு தடவை பார்த்தேன்."

"மூன்றாவது தடவை பார்."

மறுநாளும் சாய்ந்தது. அதற்கு மறுநாளும் சாய்ந்தது. அவள் மாடலைப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். நான் முடிக்கவிடவில்லை. "மாடல் பாய் செய்தது. அதில் குறை இருக்காது. குறையெல்லாம் அதைப் பார்க்கிற கண்ணில். போன வாரம் ஒழுங்காக இருந்த மாடல் இந்த வாரம் எப்படிச் சாயும்? அதற்கென்ன மூட்டுவலியா?" என்று கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். என் நகைச்சுவைக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு எல்லாவற்றின்மேலும் எரிச்சல். தீபாவளி நெருங்குகிறது, முடிவுகள் குப்பையாக இருக்கின்றன, மேலிடத்திலிருந்து தினம் ஒரு ஃபோன். வீட்டுக்கு வந்தால் மனைவியிடம் காப்பி ஆறிவிட்டது என்று சண்டை. பதிவேடு மாலையில் மேசைக்கு வரும். எண்களைப் பார்த்தாலே கோபம் வந்ததால் கடைசி வரியைத் தேடிக் கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளிவிடுவேன்.

அந்த மனநிலையில்தான் இரகசிய அறிக்கைப் படிவம் வந்தது. நிர்வாகப் பிரிவுக்காரர்கள் அடுத்த திங்கட்கிழமை குழு கூடுகிறது என்று குறிப்பும் வைத்திருந்தார்கள். பேனாவை எடுத்தேன். நேரத்துக்கு வருகிறாள், உழைப்பாளி என்றெல்லாம் எழுதிவிட்டு, அளவெடுப்பதில் கவனக்குறைவு, தொடர்ச்சியாக ஒரே தவறைச் செய்கிறார், சுட்டிக்காட்டினாலும் திருத்திக்கொள்வதில்லை, தற்போதைய நிலையில் நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்க இயலாது என்று எழுதினேன். எழுதும்போது அவளுடைய அப்பா நின்ற இடம் கண்ணில் பட்டது. அதற்காக அறிவியலை விட்டுக்கொடுக்க முடியுமா என்று எனக்கு நானே ஒரு பிரசங்கம் செய்துகொண்டு உறையை ஒட்டினேன். அறிவியலாம்! இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

உறை போன மூன்றாம் நாள், சனிக்கிழமை, பாய் விடுப்பு முடிந்து வந்தார். வந்ததும் வழக்கம்போல மாடலைப் பார்க்கப் போனார். உள்ளிருந்து குரல் வந்தது.

"சார், இன்னா சார் இது? றெக்கையில இன்னாமோ கீது. சொரசொரன்னு கீதே."

ஓடினேன். அவர் வெறும் உள்ளங்கையை இறக்கையின் முன்விளிம்பில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"கையுறை போடாமல் தொடுகிறீர்களே பாய்!"

"கையொற கிழிஞ்சி ஆறு மாசம் ஆச்சி. நீங்கதான் வாங்கித் தரேன் வாங்கித் தரேன்னு சொல்லிக்கினு கீறீங்க. அத்த உடு சார். இங்க கைய வெச்சிப் பாரு."

வைத்தேன். பொன்மஞ்சள் வார்னிஷின்மேல் அதே நிறத்தில் மூன்று திட்டுகள். காய்ந்து, இறுகி, நெல்லுமணி கணக்காகத் தடித்துப்போயிருந்தன. கண்ணுக்குத் தெரியவே இல்லை. பாய் நகத்தால் ஒன்றைச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம் சார். நல்ல சந்தனம்" என்றார். "எவன் வெச்சான் இத்த?"

இடது இறக்கையை எட்டிப் பார்த்தேன். அது துடைத்து வைத்த மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஒரு இறக்கையில் மட்டும் காற்று கலைந்தால் அந்த இறக்கை முதலில் பலம் இழக்கும், மாடல் அந்தப் பக்கம் சாயும். முதல் வருட மாணவனுக்குத் தெரியும். பாய் ஈரத்துணியால் துடைத்தார். மணி பத்தரை ஆகியிருந்தது. அரை மணி நேரம் இருந்தது. விசிறியைப் போடச் சொன்னேன். அவள் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினாள். மாடல் சாயவில்லை. கடைசிவரை சாயவில்லை.

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் அவளை என் அறைக்குக் கூப்பிட்டு, "இறக்கையில் இப்படி ஒன்று இருந்திருக்கிறதே, தினமும் அதற்கு முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறாய், ஏன் சொல்லவில்லை?" என்று கத்தினேன். அப்போதும் கத்தினேன்.

அவள் மேசையில் கிடந்த பதிவேட்டை எடுத்துத் திருப்பினாள். விஜயதசமிக்கு மறுநாள் பக்கத்தைக் காட்டினாள். எண்களுக்குப் பக்கத்தில் குறிப்புகளுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவளுடைய சின்ன எழுத்தில் இருந்தது: வலது இறக்கை முன்விளிம்பில் மூன்று இடத்தில் ஏதோ படிந்திருப்பது டார்ச் வெளிச்சத்தில் தெரிகிறது, துடைக்க அனுமதி வேண்டும். அடுத்த நாள் பக்கம்: நேற்றைய குறிப்பைப் பார்க்கவும். அதற்கடுத்த நாள்: அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்குக் கீழேயும், என்னுடைய இரண்டு சுழி போட்ட கையெழுத்து.

"இதை வாயால் சொல்லியிருக்கலாமே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சொல்ல வந்தேன் சார். நீங்க கேக்கலை. அதான் எழுதினேன்."

"சந்தனம் என்று தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்படியென்றால் சந்தனம் என்றே எழுதுவதற்கென்ன? ஏதோ படிந்திருக்கிறது என்று எதற்கு மூடி மறைத்து எழுதினாய்?"

"நீங்க வெச்சது சார்" என்றாள்.

சனிக்கிழமை அரை நாள்தான் அலுவலகம். நிர்வாகக் கட்டடத்துக்கு வேகுவேகென்று நடந்தேன். கண்காணிப்பாளர் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் அனுப்பிய உறையைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பதிவு எண் போட்டாகிவிட்டது, போட்ட தபாலைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இந்த அலுவலகத்தில் இல்லை என்றார். தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். தப்பு என்றால் அதற்கு மேல் இன்னொரு கடிதம் எழுதலாம், ஆனால் முதல் கடிதமும் கோப்பில் இருக்கும் என்றார். ஒரு பெண்ணின் பிழைப்பு ஐயா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எழுதும்போது அது தெரியலையா சார்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதனாலேயே எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினேன். நான் எழுதிய அறிக்கை தவறானது என்று ஆரம்பித்தேன். காரணம் எழுத வேண்டுமே. மாடலின் இறக்கையில் பூஜையின்போது கீழே கையொப்பமிட்டுள்ளவர் சந்தனம் வைத்ததால் என்று எழுதி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. கண்காணிப்பாளர் அதை வாங்கிப் படித்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பதிவு எண் போட்டார்.

திங்கட்கிழமை குழு என்னைக் கூப்பிட்டது. ஐந்து பேர். தலைமையில் எங்கள் இயக்குநர். இரண்டு கடிதத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று வாயால் சொல்லச் சொன்னார்கள். வெள்ளிக் கிண்ணத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். கடுமையாகத் திட்டுவார்கள், என்மேல் குறிப்பு எழுதுவார்கள் என்று எதிர்பார்த்துத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர்கள் சிரித்தார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த விமானத்துக்கு அம்பாள் அனுக்கிரகம் உண்டு, போங்கோ" என்றார். இன்னொருவர், சந்தனம் வாசனை வந்ததா என்று கேட்டார். சிரித்துக்கொண்டே நிரந்தரம் என்று கையெழுத்துப் போட்டார்கள். பதிவேட்டுக் குறிப்புகளைப் பற்றி நான் இரண்டு தடவை சொன்னேன். அதை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்டியிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஆணை வந்த அன்று அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அறிக்கையைப் பற்றியும் சொன்னேன், முதலில் என்ன எழுதினேன், பிறகு என்ன எழுதினேன் என்று. மறைக்கவில்லை. மன்னிப்பும் கேட்டேன், ஒரு வழியாக. அவள் ஆணையை இரண்டு தடவை படித்தாள். "அப்பாகிட்ட சாயங்காலம் சொல்லணும்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆளை ஆறுதலாக அனுப்பிவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

அவள் போகவில்லை. கையில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். கட்டமைப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம். அந்தப் பிரிவு முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "இன்னும் என்ன? எல்லாம்தான் சரியாகிவிட்டதே. வேலை நிரந்தரம். தப்பு என்னுடையது என்று ஐந்து பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்தத் தராசைப் பார்க்க உன்னைவிட்டால் இங்கே யார் இருக்கிறார்கள்? இன்னும் கோபம் தீரவில்லையா?"

"கோபம் இல்லை சார்" என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள். "உங்ககிட்ட எனக்குப் பயம். அந்த வாரம் முழுக்க, மாடல் சாயுதுன்னு தராசு காட்டும்போது, சாயலைன்னு எழுதிடலாமான்னு ஒவ்வொரு நாளும் தோணிச்சு. ஒரு நாள் பூஜ்யம்னு எழுதியே போட்டுட்டேன். அப்புறம் அடிச்சுட்டு சரியா எழுதினேன். அடுத்த தடவை அடிப்பேனான்னு எனக்குத் தெரியலை சார்."

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். நான்காம் நாள் பக்கத்தில் ஒரு பூஜ்யம் இருந்தது. அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண். அந்த அடித்தலையும் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அவளை மாற்றலில் அனுப்பினேன்.